ரீசெட் என்னும் வாக்குமூலம்

சாவியைத் திருகியதும் டேஷ்போர்டில் ஏழெட்டு விளக்குகள் சேர்ந்து எரியும்; சில விநாடிகளில் ஒவ்வொன்றாக அணைந்துவிடும். அவற்றில் ஒன்று மட்டும் அணையாமல் நின்றுவிட்டால், பட்டறைக்குப் போகும் பலர் முதலில் சொல்வது, "இந்த லைட்டைப் போக வெச்சுடுங்க" என்பதுதான். ஸ்கேனரைச் சொருகி எரர் கோடை அழித்தால் விளக்கு போய்விடுகிறது. பல கார்களில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினாலே சில விளக்குகள் போய்விடும். காசு கைமாறுகிறது, வண்டி வீட்டுக்கு வருகிறது. செல்போன் நின்றுபோனால் அணைத்துப் போட்டு வேலையை ஓட்டுகிறோமே, அந்தப் பழக்கம் காருக்கும் வந்துவிட்டது. ஆனால் காரில் ரீசெட் என்பதன் பொருள் வேறு. "நான் பார்த்துவிட்டேன், இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது, இதையே கணக்கில் வைத்துக்கொள்" என்று காரின் கம்ப்யூட்டரிடம் நாம் கொடுக்கும் வாக்குமூலம் அது. பார்க்காமல் கொடுத்தால் அது பொய்ச் சாட்சி. கார் அந்தச் சாட்சியை நம்பித்தான் அடுத்த முடிவுகளை எடுக்கும்.

டயர் காற்று எச்சரிக்கையை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். இந்த ஏற்பாடு இரண்டு வகை. ஒன்றில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு சென்சார் உட்கார்ந்து காற்றழுத்தத்தை நேராக அளக்கும். இன்னொன்றில் காற்றை அளக்கும் கருவியே கிடையாது. காற்று இறங்கிய டயரின் சுற்றளவு சற்றுக் குறைகிறது; அதே தூரத்தைக் கடக்க அது மற்ற மூன்றைவிடக் கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பதற்காக ஏற்கெனவே சக்கரத்தில் இருக்கும் ஏபிஎஸ் சென்சார், அந்தச் சுற்று வித்தியாசத்தைக் கண்டுபிடித்து விளக்கைப் போடுகிறது. சாமர்த்தியமான ஏற்பாடுதான். ஆனால் எந்தச் சுழற்சி சரியானது என்று அதற்குத் தானாகத் தெரியாது. நான்கு டயரிலும் சரியாகக் காற்றடித்துவிட்டு நாம் ரீசெட் பொத்தானை அழுத்தும்போதுதான் அது கற்றுக்கொள்கிறது. 33 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயரில் 24 இருக்கும்போது, விளக்கு எரிவது எரிச்சலாக இருக்கிறதே என்று பொத்தானை அழுத்தினால், கார் அந்த 24-ஐயே நல்ல காற்று என்று மனப்பாடம் செய்துகொள்ளும். இனி அதற்கும் கீழே வெகுவாக இறங்கினால்தான் வாய் திறக்கும். அதற்குள் அந்த டயர் நான்குவழிச் சாலையில் சித்திரை வெயிலில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடேறுகிறது. டயர் வெடிப்பதற்கு அந்தச் சூடு ஒரு முக்கியக் காரணம்.

விளக்கு எரியவில்லை என்பதாலேயே காற்று சரியாக இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் டயர் பிய்ந்து கார்கள் கவிழ்ந்த தொடர் விபத்துகளுக்குப் பிறகு 2000-ல் ஒரு சட்டம் வந்தது. அதன் வழியாக இந்த எச்சரிக்கை அங்கே கட்டாயமானது. அந்த விதியே, குறிப்பிட்ட அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்தால் எச்சரித்தால் போதும் என்கிறது. 32 இருக்க வேண்டிய இடத்தில் 26 இருந்தாலும் விளக்கு பேசாமல் இருக்கலாம். சுழற்சியை ஒப்பிடும் வகையில் இன்னொரு சங்கடமும் உண்டு: நான்கு டயரும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது ஏமாந்துபோக வாய்ப்பு அதிகம். ஆகவே முறை எளிது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணிலோ கதவு ஓரத்திலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உரிய அளவு அச்சிட்டிருக்கும். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் அந்த அளவுக்குக் காற்றடித்து, அதன் பிறகு பொத்தானை அழுத்த வேண்டும்.

எல்லா ரீசெட்டும் தப்பு என்பதல்ல என் வாதம். சில இடங்களில் செய்யாமல் விடுவதுதான் ஆபத்து. புது பேட்டரி மாட்டிய பிறகு பவர் விண்டோ ஒரே தொடுதலில் மேலே போகவில்லை என்று பலர் குறைப்படுவார்கள். கண்ணாடியின் உச்சி எது, அடி எது என்பதை அந்த மோட்டார் மறந்துவிட்டது. பல கார்களில் கண்ணாடியை முழுக்க ஏற்றி, சுவிட்சை மேலும் சில விநாடி இழுத்துப் பிடித்தால் மீண்டும் கற்றுக்கொள்ளும். இதை வெறும் வசதி என்று விட்டுவிடக் கூடாது. குழந்தையின் கை குறுக்கே வந்தால் கண்ணாடி தானே பின்வாங்கும் பாதுகாப்பும், அது கற்றுக்கொள்ளும்வரை பல கார்களில் வேலை செய்யாது. வண்டி சறுக்கும்போது நேராக்கும் ஈஎஸ்சி ஏற்பாடு உள்ள கார்களில், ஸ்டீயரிங்கின் நேர்நிலையையும் இப்படியே திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். வீல் அலைன்மென்ட்டுக்குப் பிறகு இதைக் கேட்டு வாங்குவது நல்லது. இங்கெல்லாம் நாம் கொடுப்பது உண்மையான வாக்குமூலம்.

ஏர்பேக்கின் கதை வேறு. அதற்கு ரீசெட்டே கிடையாது. மோதிய நொடியின் நூற்றில் மூன்று, நான்கு பங்குக்குள் விரிந்துவிடும் அந்தப் பையையும், அதே கணத்தில் சீட் பெல்ட்டைச் சுண்டி இறுக்கும் கருவியையும் ஒரே ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். வெடித்த பின் பை, பெல்ட், தயாரிப்பாளர் சொல்லும் கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். செலவு மிரட்டும். அந்த மிரட்சியில்தான் மோசடி முளைக்கிறது. ஏர்பேக் சுற்றின் மின்தடை இரண்டு, மூன்று ஓம் அளவில் இருக்கும். பை இருந்த இடத்தில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் ஒரு ரெசிஸ்டரை வைத்து ஒட்டினால், பை இருப்பதாகவே கார் நம்பிவிடும். விளக்கு எரியாது. மேல்மூடி புதிதாகப் பளபளக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்கள் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, மடியில் பந்தோடு உட்கார்ந்திருக்கும் மனித உருவம் கொண்ட அந்தச் சிவப்பு விளக்கைக் கவனிக்க வேண்டும். அது எரிந்து சில விநாடிகளில் தனியாக அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால், அல்லது வேறொரு விளக்கோடு இரட்டைப் பிள்ளையாக ஒட்டிக்கொண்டு அணைந்தால், யாரோ வயரில் கை வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். ரெசிஸ்டர் வேலையை இந்தச் சோதனையாலும் பிடிக்க முடியாது; பேனலைக் கழற்றிப் பார்த்தால்தான் உண்டு. தகாடா நிறுவனத்தின் ஏர்பேக்குகள் இதைவிடக் கசப்பான பாடம். வெப்பமும் ஈரப்பதமும் நிறைந்த ஊர்களில் ஆண்டுக்கணக்கில் இருந்ததால் அவற்றின் அம்மோனியம் நைட்ரேட் கெட்டுப்போய், விரியும்போது உலோகச் சில்லுகள் தெறித்தன. விளக்கு மின்சுற்றை மட்டுமே கண்காணிக்கிறது. ரசாயனம் கெட்டது அதற்குத் தெரியாது. சென்னையைப் போன்ற கடற்கரை நகரத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதும் உண்டா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுவிட வேண்டும்.

"பாதி நேரம் சென்சார்தான் கோளாறு, வண்டியில் ஒன்றுமில்லை" என்பது நாம் அடிக்கடி கேட்கும் மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. ஏபிஎஸ் சென்சாரில் சேறு அப்பியிருக்கும்; வயரை எலி கடித்திருக்கும்; சீட்டுக்கு அடியில் பையைத் திணித்ததில் ஏர்பேக்கின் மஞ்சள் நிற கனெக்டர் தளர்ந்திருக்கும். ஆனால் சென்சார் செத்துவிட்டால் அந்த ஏற்பாடு தன்னைத்தானே ஓய்வுக்கு அனுப்பிவிடுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். காரணம் சேறாக இருந்தாலும் சில்லறை வயராக இருந்தாலும், அந்த நிமிடத்தில் ஏபிஎஸ் இல்லை. சாதாரண பிரேக் மட்டுமே இருக்கிறது. மழையில் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. "அம்பாசிடர் காலத்தில் ஏபிஎஸ் இருந்ததா?" என்று கேட்பார்கள். இல்லை; இல்லை என்று அதன் டிரைவருக்குத் தெரியும், அதற்கேற்பத் தூரம் விட்டு, விட்டுவிட்டு மிதித்தார். இந்தியாவில் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். அதை நம்பி ஓட்டப் பழகிய கால், அது செத்த பிறகும் அதே நம்பிக்கையோடுதான் மிதிக்கும்.

ஸ்கேனரும் பொத்தானும் இல்லாமலேயே சிலர் ரீசெட் செய்கிறார்கள். பிரேக் விளக்கு சிவப்பாக எரிகிறது. ஹேண்ட் பிரேக் இறங்கித்தான் இருக்கிறது. பானட்டைத் திறந்து பார்த்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது. ஊற்றியதும் விளக்கு அணைகிறது. ஆனால் பிரேக் ஆயில் எரிந்து தீரும் பொருள் அல்லவே. அது குறைந்தால், ஒன்று பேட் தேய்ந்து ஆயில் பிஸ்டனுக்குப் பின்னால் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் எங்கோ கசிய வேண்டும். ஊற்றி நிரப்பியவர் அந்த இரண்டு செய்தியையும் அழித்துவிட்டார்.

எச்சரிக்கைகள் அளவுக்கு மீறிவிட்டன, தொல்லை தாங்கவில்லை என்ற வாதத்தை நான் ஒதுக்க மாட்டேன். அமெரிக்காவில் 1974-ம் ஆண்டு மாடல் கார்களில், பெல்ட் போடாமல் எஞ்சினே ஸ்டார்ட் ஆகாத ஏற்பாடு வந்தது. இருக்கையில் மளிகைப் பையை வைத்தால்கூட அதற்கும் பெல்ட் கேட்டது. மக்கள் கொதித்துப்போனதில் அதே ஆண்டு அக்டோபரில் அந்த விதி சட்டம் போட்டு நீக்கப்பட்டது. மோசமாக வடிவமைத்த எச்சரிக்கையை மக்களே கொன்றுவிடுவார்கள் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டாம். தயாரிப்பாளர்கள் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும். அதற்காக, பெல்ட்டுக்குப் பதிலாகக் கொக்கியில் சொருகும் வெற்றுக் கிளிப்பை எப்படி ஏற்பது? 2022 செப்டம்பரில் பின்னிருக்கையில் பெல்ட் அணியாமல் சென்ற தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்த பிறகு இந்தக் கிளிப்புகள் பேச்சுக்கு வந்தன. 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு உத்தரவிட்டதில், 13,118 விற்பனைப் பக்கங்கள் நீக்கப்பட்டன. அந்தக் கிளிப் மணியை நிறுத்துவதோடு, பெல்ட் போட்டவர் உட்கார்ந்திருக்கிறார் என்று ஏர்பேக்கிடமும் பொய் சொல்கிறது. பெல்ட் இல்லாத உடல் முன்னால் பாய, எதிரே பை வேகமாக விரிந்து வர, காக்க வந்ததே அடியாகிவிடும்.

பணம்தான் தடை என்றால் அதற்கும் ஒரு நேர்மையான வழி இருக்கிறது: சரிசெய்யும்வரை விளக்கு எரியட்டும். ஓட்டுகிறவருக்கும், பக்கத்தில் உட்காருகிறவருக்கும், நாளை அந்தக் காரை வாங்குகிறவருக்கும் அது உண்மையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியதும் ஒன்றுதான்: அழிப்பதற்கு முன் அந்தக் கோடு எண்ணைப் பில்லில் எழுதிக் கொடுங்கள். அழித்த பின் அதே எண் திரும்ப வந்தால், வேலை நடக்கவில்லை என்று பில்லே சொல்லிவிடும்.

மக்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் லட்சக்கணக்கில் கார்கள் உருவாகின்றன. அவற்றோடு வரும் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறவர் அதை உறையோடு டேஷ்போர்டு அறையில் போட்டு வைத்துவிடுகிறார். சிவப்பு எண்ணெய்க் குடுவை எரிந்தால் பலர் ஆயில் அளவு குறைந்திருப்பதாக எண்ணி, அடுத்த பங்க் வரை ஓட்டுகிறார்கள். அது சொல்வது ஆயில் அழுத்தம் போய்விட்டது என்பதை. எஞ்சினை அந்த இடத்திலேயே அணைக்க வேண்டும். எஞ்சின் விளக்கு மஞ்சளாக நின்று எரிந்தால் மெதுவாகப் பட்டறைக்குப் போகலாம். சிமிட்டினால் உடனே வேகத்தைக் குறைத்து, முடிந்த இடத்தில் நிறுத்த வேண்டும். இவ்வளவையும் படத்தோடு அடக்க ஒரு பக்கம் போதும். தமிழில் அச்சிட்ட அந்த ஒற்றைப் பக்கத்தை, டெலிவரி நாளில் சாவியோடு சேர்த்துக் கையில் கொடுக்கச் சொல்லி ஷோரூமில் கேட்க வேண்டும்.