தவளைக் காலும் பத்தாம் வகுப்பும்

பத்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள்கூட ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அடுத்த வருஷம் எந்தக் குரூப் என்பதே அது. கணிதத்தோடு உயிரியலா, கம்ப்யூட்டரா, வணிகவியலா என்று நாலு பேர் கூடித் தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளையின் கையில் அப்போது இருக்கும் விஞ்ஞானப் புஸ்தகத்தைப் பற்றி மட்டும் யாரும் விசாரிப்பதில்லை.

அந்தப் புஸ்தகமோ விசாரிக்கத் தக்கது. தமிழ்நாட்டு அரசாங்கம் 2019-ம் வருஷத்தில் வெளியிட்ட பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 23 பாடங்கள். முதல் 6 பௌதிகம். அடுத்த 5 ரசாயனம். அப்பால் 11 உயிரியல். கடைசியில் கம்ப்யூட்டருக்கு ஒன்று. மூன்று சாஸ்திரங்களும் ஓர் அட்டைக்குள் குடியிருப்பது இந்த வகுப்போடு சரி. வணிகவியலுக்குப் போகிற பிள்ளை மூன்றுக்கும் விடை கொடுத்துவிடுகிறான். கம்ப்யூட்டர் குரூப்பில் சேருகிற பெண் உயிரியலைத் திரும்பிப் பார்ப்பது அபூர்வம்.

ஓர் அட்டைக்குள் இருந்தும் அவை ஒன்றோடொன்று பேசிக் கொள்வதில்லை என்பதே நமது குறை. 4-ம் பாடம் மின்சாரம். 15-ம் பாடம் நரம்பு மண்டலம். நடுவே 10 பாடங்கள் சுவர்போல் நிற்கின்றன. ஒன்றை ஓர் ஆசிரியரும் மற்றதை வேறோர் ஆசிரியரும் நடத்தும் பள்ளிகள் பல. ஆனால் இவ்விரண்டு பாடங்களையும் ஒரு தவளையின் கால் பிணைத்து வைத்திருக்கிறது!

இத்தாலி தேசத்துப் பொலோஞா நகரில் கால்வானி என்ற உடற்கூற்றுப் பேராசிரியர், அறுத்து வைத்த தவளைக் காலில் இரண்டுவித உலோகங்கள் பட்டதும் அது துடிப்பதைக் கண்டார். பிராணியின் உடம்பிலேயே மின்சாரம் உண்டென்று 1791-ல் எழுதி வெளியிட்டார். வோல்ட்டா என்ற பௌதிகப் பேராசிரியர் இதற்கு இணங்கவில்லை. மின்சாரம் உலோகங்களால் வந்தது, தவளை வெறும் சாட்சியே என்று வாதித்தார். துத்தநாகத் தகடும் வெள்ளித் தகடுமாக மாற்றி மாற்றி அடுக்கி, நடுநடுவே உப்பு நீரில் நனைத்த அட்டையை வைத்து, தவளை இல்லாமலே மின்சாரத்தை வரவழைத்தார். 1800-ல் வெளியான அந்த அடுக்குதான் இன்றைய பாட்டரிகளுக்கெல்லாம் பாட்டன். அதே வருஷம் லண்டனில் நிக்கல்ஸன், கார்லைல் என்ற இருவர் (இவர்களில் கார்லைல் ரண வைத்தியர்) அந்த மின்சாரத்தைத் தண்ணீரில் செலுத்தினார்கள். தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்தது. 1807-ல் டேவி என்பவர் அதே உபாயத்தினால் பொட்டாசியம், சோடியம் என்னும் உலோகங்களைப் பிரித்தெடுத்தார். உயிரியலில் தொடங்கிய வழக்கு பௌதிகத்தில் புகுந்து ரசாயனத்துக்கு வந்துவிட்டது.

அங்கேயும் அது நிற்கவில்லை. 1952-ல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற ஆங்கிலேயர்கள், கணவாயின் பருத்த நரம்பு நாரை ஆராய்ந்த முடிவை வெளியிட்டார்கள். மின்னேற்றம் பெற்ற சோடியம் நரம்பின் சுவரைத் தாண்டி உள்ளே பாய்கிறது. பின்னாலேயே பொட்டாசியம் வெளியேறுகிறது. நரம்பில் ஓடும் செய்தி இதுதான் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். டேவி பிரித்தெடுத்த அதே இரண்டு பொருள்கள்! உடம்பில் மின்சாரம் உண்டென்ற கால்வானியும் ஜயித்தார். உலோகங்களால் மின்சாரம் வருமென்ற வோல்ட்டாவும் ஜயித்தார்.

நம் நாட்டில் இந்தச் சுவரில் முட்டிக் கொண்டவர் ஜகதீச சந்திர போஸ். கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் பௌதிகம் போதித்தவர் அவர். செடிகளும் மின் துடிப்பினால் பதில் சொல்கின்றன என்று 1901-ல் லண்டன் ராயல் சொஸைட்டியில் அவர் எடுத்துக் காட்டியபோது, உடலியல் நிபுணர் ஒருவர், பௌதிகத்தை விட்டு இவர் ஏன் இங்கே வந்தார் என்ற தோரணையில் கடிந்து கொண்டார். போஸ் திரும்பிப் போகவில்லை. 1917-ல் அவர் நிறுவிய ஆராய்ச்சி நிலையம் இன்றும் கொல்கத்தாவில் நடைபெற்று வருகிறது. தொட்டாற்சிணுங்கியினுள் மின் சமிக்ஞை ஓடுவதை இப்போது யாரும் மறுப்பதில்லை.

பெற்றோரிடம் நாம் கேட்பது சிறு காரியந்தான். குரூப் விசாரணையைச் சில நாள் ஒத்தி வைத்து, ஒரு மாலையில் 4-ம் பாடத்தையும் 15-ம் பாடத்தையும் சேர்த்து வாசித்துக் காட்டும்படி பிள்ளையிடம் சொல்லுங்கள். பிறகு ஓர் எலுமிச்சம் பழத்தில் சுத்தமான செம்புக் கம்பி ஒன்றும் துத்தநாகம் பூசிய ஆணி ஒன்றும், ஒன்றையொன்று தொடாமல் அருகருகே குத்தி, இரண்டின் வெளி நுனிகளையும் நாக்கால் தொடச் சொல்லுங்கள். இலேசாகச் சுரீரென்னும். அந்தச் சுரீர் எந்தப் பாடத்தைச் சேர்ந்ததென்று அவனையே கேளுங்கள்.