எறும்பு சாகலையே, அப்புறம் என்ன?



போன மாதம் எங்கள் வட்டாரக் கூட்டத்தில் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர் எழுந்தார். இயற்கை வழிக்கு மாற ஆரம்பித்து அவருக்கு ஒரு வருடம்தான் ஆகிறது.

"மேனேஜர் சார், எள்ளு வெதச்சா எறும்பு பாதியைத் தூக்கிட்டுப் போயிருதுங்க. கடையில குடுத்த மருந்தை வரப்போரம் கொஞ்சூண்டுதான் தூவுனேன். ஒரு எறும்பு கூட சாகலைங்க. சாகலைன்னா அதுக்குப் பாதிப்பு இல்லைன்னுதானுங்களே அர்த்தம்?"

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வங்கியிலிருந்து ஓய்வு பெற்றுத் தோட்டத்துக்கு வந்த முதல் வருடம் நானும் இதையேதான் செய்தேன். செலவு நோட்டில் 'மருந்து தூவியது, எறும்பு சாவு இல்லை' என்று எழுதியும் வைத்தேன். அதனால் அன்று தம்பிக்குப் பட்டென்று பதில் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

எறும்புக்கும் பூச்சிக்கொல்லிக்கும் நடந்த நீண்ட சண்டையைப் பார்க்க வேண்டுமானால் பிரேசிலுக்குப் போக வேண்டும். அங்கே இலைவெட்டி எறும்புகள் இருக்கின்றன. ஆட்டா, அக்ரோமிர்மெக்ஸ் என்பவை அவற்றில் முக்கியமான பேரினங்கள். அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் கிடையாது. நம் ஊரிலும் இல்லை. ஆட்டா புற்று ஒன்றில் லட்சக்கணக்கில் எறும்புகள் இருக்கும். இளம் மரத்தை ஒரே ராத்திரியில் மொட்டையடித்துவிடும். ஆனால் வெட்டிய இலையை அவை தின்பதில்லை. மண்ணுக்குள் கொண்டுபோய் மென்று பரப்பி, அதன் மேல் ஒரு பூஞ்சையை வளர்க்கின்றன. அந்தப் பூஞ்சையைத்தான் குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. களை எடுக்கும், குப்பையைத் தனியே ஒதுக்கும். ஒரு வகையில் அவையும் நம்மைப் போல உழவர்கள்தான்.

இவற்றைக் கொல்ல ஆரஞ்சுச் சக்கையில் நஞ்சைக் கலந்து சிறு உருண்டைகளாக்கிப் போட்டார்கள். அந்த நஞ்சு உடனே கொல்லக் கூடாது. எறும்பு அதைத் தூக்கிக்கொண்டு புற்றுக்குப் போய் எல்லோருக்கும் பங்கு வைக்கும் வரை உயிரோடு இருக்க வேண்டும். கவனியுங்கள்: 'உடனே சாகவில்லை' என்பது அங்கே மருந்தின் தோல்வி இல்லை, அதன் வேலையே அதுதான்.

முதலில் மைரெக்ஸ் வந்தது. மண்ணில் அழியாமல் தங்கும் நஞ்சு என்பதால், 2001இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை முதலில் குறித்த 12 பொருள்களில் அதுவும் ஒன்றானது. அடுத்து வந்த சல்ஃப்ளூராமிட், உடலின் உயிரணுக்கள் ஆற்றல் உண்டாக்கும் வழியையே குலைப்பது. அது சிதைந்தால் பிஎஃப்ஓஎஸ் என்ற இன்னொரு அழியாத நஞ்சு வரும். 2009இல் அதையும் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் இலைவெட்டி எறும்புக்கான உருண்டைக்கு விலக்கு கொடுத்தார்கள். பிப்ரோனில் கலந்த உருண்டையும் அங்கே உண்டு. நம் கடையில் நெல்லுக்கும் கரும்புக்கும் குருணையாக விற்கிறார்களே, அதே பிப்ரோனில்தான்.

சரி, சாகாத எறும்புக்குள் என்ன நடக்கிறது?

ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்ற சின்னச் சின்ன அடுப்புகள் உண்டு. ஆக்சிஜனை வைத்து உணவை எரித்து ஆற்றல் தருவது இவைதான். அடுப்பு எரிந்தால் நாலு பொறி தெறிக்கத்தானே செய்யும்? அந்தப் பொறிகளை அணைக்க உடம்பில் காவல் நொதிகள் இருக்கின்றன. சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் என்று அவற்றுக்குப் பெயர். நஞ்சு உள்ளே போனால் அடுப்பு குலைகிறது, பொறி கூடுகிறது. காவல் நொதிகளால் சமாளிக்க முடியாத அந்த நிலைக்குத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர். அப்போது உயிரணுச் சவ்வில் உள்ள கொழுப்பு கெடுகிறது. நாள்பட்ட கடலை எண்ணெயில் காறல் வாடை வருகிறதே, அதே வேதி வினைதான்.

பிப்ரோனில், இமிடாகுளோபிரிட் இரண்டும் நரம்பைத் தாக்கும் மருந்துகள் என்றுதான் நமக்குத் தெரியும். பிரேசிலில் தேனீயின் மைட்டோகாண்ட்ரியாவில் சோதித்தபோது, இவை இரண்டுமே அதன் செயல்பாட்டைக் குறைத்தன.

இந்த இடத்தில் எனக்கு வங்கி ஞாபகம் வந்தது. மாதாமாதம் தவணை கட்டும் மளிகைக் கடைக்காரர் கணக்கை 'நல்ல கணக்கு' என்று எழுதுவோம். அவர் மனைவியின் நகையை அடகு வைத்து, கந்துவட்டிக்கு வாங்கி அந்தத் தவணையைக் கட்டுவது எங்கள் லெட்ஜரில் தெரியாது. ஒரு நாள் 90 நாள் பாக்கி தாண்டும். அன்றுதான் வாராக்கடன் என்போம். ஆனால் அந்த மனிதர் முறிந்து ரொம்ப நாளாகியிருக்கும். நஞ்சு பட்டும் சாகாத எறும்பும் அப்படித்தான். இரை தேடவும் குஞ்சு வளர்க்கவும் வேண்டிய சக்தியை, நஞ்சை முறிக்கவே செலவழித்துக்கொண்டு நடமாடுகிறது.

இது வெறும் உவமை இல்லை. இலைவெட்டி எறும்புக்குச் சாகாத அளவில் இமிடாகுளோபிரிட் கொடுத்துப் பார்த்தார்கள். உடம்பைத் தானே நக்கிச் சுத்தம் செய்யும் பழக்கம் குறைந்துபோனது. அதன் பிறகு பிவேரியா பேசியானா பூஞ்சை பட்டதும் சுலபமாக நோயில் விழுந்தது. சாதாரணமாக அந்த வித்துகளை நக்கித் துடைத்துப் போட்டுவிடும் எறும்பு அது. புற்றில் ஒன்றின் சுத்தம்தான் எல்லோருக்கும் காவல். அது போனால் வீடே போகும்.

முதல் வருடம் நான் மருந்து தூவிய வரப்பில், மறுநாள் எறும்புச் சாரி கலைந்து, ஒவ்வொன்றும் திசை தெரியாமல் சுற்றியது. பார்த்துவிட்டு 'சாகலையே' என்று வந்துவிட்டேன். அடுத்த கோடையில் அந்தப் பக்கத்துத் தென்னங்கன்றுகளில் கரையான் ஏறியது. இரண்டுக்கும் தொடர்பு என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கரையானுக்கு எறும்பைவிடப் பெரிய எதிரி இல்லை என்பது நமக்கெல்லாம் தெரியும்.

படித்ததில் ஒன்று என்னைச் சிரிக்க வைத்தது. நம் எறும்பு எள்ளைத் திருடுகிறது என்று புலம்புகிறோம். பிரேசிலில் இலைவெட்டி எறும்பைக் கட்டுப்படுத்தவே எள்ளை நடுகிற உழவர்கள் இருக்கிறார்கள். எள் இலையை அது வெட்டிக்கொண்டு போனால், அதன் பூஞ்சைத் தோட்டம் கெடுகிறது.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். ஏக்கருக்கு 2 கிலோ எள் விதைக்கிறோம். எறும்பின் பங்காகக் கால் கிலோ கூடப் போடுங்கள். மணலும் சாம்பலும் கலந்து ஈரத்தில் தூவி, அன்றே மூடிவிடுங்கள். விதைத்த நாலு நாளைக்குப் புற்று வாயில் கம்பு நொய் தூவுங்கள். நான் இப்படித்தான் செய்கிறேன். அந்தக் கால் கிலோவை இப்போது நோட்டில் நட்டம் என்று எழுதுவதில்லை, காவல் கூலி என்று எழுதுகிறேன்.

தம்பி இந்த மாசிப் பட்டத்தில் அப்படியே விதைத்திருக்கிறார். மீதி மருந்துப் பொட்டலம் இன்னும் அவர் வீட்டுப் பரண் மேல்தான் இருக்கிறது. முளைப்பு வந்ததும் போய்ப் பார்க்க வேண்டும்.