வர்ண இலைச் செடிகள் பச்சையாய் மாறுதல்

காவிரிப் பாசன ஊர்களில் முற்றத்திலும் திண்ணையோரத்திலும் தொட்டிகளில் வளர்க்கப்படும் குரோட்டன், மணிபிளாண்ட் முதலிய அழகுச் செடிகள், விலை கொடுத்து வாங்கிய சில மாதங்களில் வர்ணமிழந்து வெறும் பச்சையாகிவிடுகின்றன. இதற்குக் காரணங்கள் முக்கியமாக இரண்டு. செடி முழுவதும் ஒரே சீராக மங்கினால் குற்றம் வைத்த இடத்தைச் சார்ந்தது. ஏனைய கிளைகள் வர்ணத்துடனிருக்க ஒரு கிளை மட்டும் பச்சையாய்க் கிளம்பினால் குற்றம் செடிக்குள்ளேயே உளது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் எருவிடுதல் வீண் செலவேயாம்.

குரோட்டன் இலையில் பச்சையத்துடன் மஞ்சள், சிவப்புச் சாயங்களும் உள. வெளிச்சம் மிகுந்தவிடத்து இச்சாயங்கள் மேலோங்கும். நிழலில் பச்சையமே மேலோங்கும். கொல்லையில் லச்சை கெட்ட கீரை வைத்திருப்போர், அதன் இளமஞ்சள் இலை நிழலில் பச்சை தட்டுவதைக் கண்டிருக்கலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குத் தாழ்வாரத்தில் எடுத்து வைத்த தொட்டியைத் தை மாதத்தில் வெளியே கொணரப் பலர் மறந்துவிடுகின்றனர். காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் படும் கிழக்குப் புறம் உத்தமம். நிழலிலிருந்த செடியை ஒரே நாளில் முழு வெயிலில் வைத்தால் இலை கருகும். பத்து நாட்களில் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். வர்ணம் புதிதாய் விடும் இலைகளிலேயே நன்கு காணும். வயலுக்கு வாங்கி மிஞ்சிய யூரியாவைத் தொட்டியிலிடுவது, நெல்லுக்குப் பழகிய கையின் தவறு. தழைச்சத்து மிகுந்தால் பயிர் கரும்பச்சையாவது போலவே இச்செடிகளும் ஆகும்.

இரண்டாவது குறைக்கு வெயில் மருந்தன்று. 1909-ல் ஜெர்மானியத் தாவர நூலார் எர்வின் பாவுர், வெள்ளை விளிம்புள்ள ஜெரானியச் செடியில் பச்சையமுள்ள உயிரணுக்களும் அஃதற்ற உயிரணுக்களும் தனித்தனி அடுக்குகளாய் ஒரே தண்டில் அமைந்திருப்பதை விளக்கினார். இத்தகைய செடிகளில் பச்சை அணுக்களிலிருந்து மட்டும் ஒரு கிளை எழுமாயின், அதற்கு உணவாக்கும் சக்தி அதிகமாதலால், ஏனையவற்றை விஞ்சி வளரும். செடி செழிக்கிறதென்று மகிழ்ந்து அதனை விட்டுவைப்பதே பெருந்தவறு. ஓரிரு வருஷங்களில் தொட்டி முழுவதும் பச்சையாகிவிடக் கூடும். பச்சைக் கிளையைக் கண்டவுடன், வர்ணமுள்ள கடைசி இலை வரை கூரிய கத்தியால் அறுத்துவிட வேண்டும். வெண்கீற்றுள்ள மணிபிளாண்டிற்கும் இதுவே முறை. பதியன் தண்டையும் கீற்று நன்கு விழுந்த கொடியிலிருந்தே எடுத்தல் வேண்டும்.

மஞ்சள் விளிம்புள்ள மருளினத்துச் செடியில் மற்றோர் எச்சரிக்கை உண்டு. அதன் இலையைத் துண்டு செய்து நட்டால் வேர் பிடிக்கும். ஆனால் எழும் கன்றுகள் விளிம்பின்றிப் பச்சையாகவே வரும். கிழங்கைக் கன்றுடன் பிரித்து நட்டால் மஞ்சள் விளிம்பு நிலைக்கும்.