பிள்ளை மந்தமா? முதலில் காதைப் பாருங்கள்!

மும்பை, தாராவி, மாட்டுங்கா லேபர் கேம்ப் பகுதித் தமிழர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் குறை இது: "கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் விழிக்கிறான்."

மராத்தியும் இந்தியும் இன்னும் பிடிபடவில்லை, போகப் போகச் சரியாகிவிடும் என்று பெற்றோர் இருந்துவிடுகிறார்கள். சில பிள்ளைகளுக்குக் குறை மொழியில் இல்லை, காதில் இருக்கிறது.

சளியும் காதும்

மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்கு ஒரு குழாய் செல்கிறது. பெரியவர்களுக்கு அது சாய்வாக இருக்கும். சிறு குழந்தைகளுக்கோ குட்டையாகவும் ஏறக்குறையப் படுக்கைவாட்டிலும் இருக்கும். அதனால் சளி பிடித்தால் கிருமிகள் எளிதில் காதுக்குப் போய்விடுகின்றன. குழாய் அடைத்துக்கொண்டால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கும். சில சமயம் வலியே இருக்காது. ஆனால் காதைப் பொத்திக்கொண்டு கேட்பதுபோல் பேச்சு மங்கலாகக் கேட்கும். சீழ் கட்டினால் செவிப்பறையில் ஓட்டை விழவும் கூடும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுத்தால் ஒருவர் சளி எல்லோருக்கும் ஒட்டும். வாடகைக்குத் தகுந்த வீடுதான் கிடைக்கும். அதை உடனே மாற்ற முடியாது. ஆனால் மாற்றக்கூடியவை பல உண்டு.

பீடி, சிகரெட் புகை காதுக்கும் பகை. குடிப்பவர்கள் வெளியே போய்க் குடிக்கட்டும். சமைக்கும்போது கதவு, சன்னல் திறந்திருக்கட்டும்.

குழந்தையைப் படுக்க வைத்துப் பாட்டில் பால் கொடுக்கக் கூடாது. தலையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பது காதுக்கும் காவல்.

சீழ் வடியும் காதில் காய்ச்சிய எண்ணெய் விடாதீர்கள். ஓட்டை வழியே அது உள்ளே போய்த் தொல்லையைப் பெருக்கும். ஹேர்பின், தீக்குச்சி விட்டுக் குடையவும் வேண்டாம். கோபத்தில் காதோடு சேர்த்து அறைந்தால் செவிப்பறை கிழியலாம்.

இலவச ஊசி

நியுமோகாக்கஸ் கிருமிக்கான பி.சி.வி. தடுப்பூசியை அரசு 2017-ல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021-ல் நாடு முழுவதும் விரிவுபடுத்தியது. 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம் என 3 தவணை. நிமோனியாவைத் தடுப்பதோடு, அந்தக் கிருமியால் வரும் காது நோயையும் இது குறைக்கிறது. பிரசவத்துக்கு ஊருக்குப் போகிறவர்கள் தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுவந்தால் அடுத்த தவணையை இங்கேயே போட்டுக்கொள்ளலாம்.

எங்கே காட்டுவது?

பிள்ளையின் முதுகுப் பக்கம் நின்று மெதுவாகப் பெயர் சொல்லி அழையுங்கள். பல முறை அழைத்தும் திரும்பவில்லையா? டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறதா? காதில் சீழ் வடிகிறதா? தாமதிக்க வேண்டாம். சயான் மாநகராட்சி மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு உண்டு. பாந்த்ராவில் 1983-ல் தொடங்கிய அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்தில் கேட்கும் திறனைச் சோதிக்கிறார்கள்.

சிகிச்சை முடியும்வரை முன் பெஞ்சில் உட்கார வைக்கும்படி ஆசிரியரிடம் சொல்லுங்கள். வேற்று மொழியில் படிக்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழ வேண்டும். மந்தம் என்று பட்டம் கட்டுமுன் காதைச் சோதிப்பது பெற்றோர் கடமை.