ஒரே சீராகத் துடுப்பு போடுவோமா?



ஆறும் இல்லாமல் படகும் இல்லாமல் துடுப்பு போட முடியுமா? முடியும். உடற்பயிற்சிக் கூடங்களில் ரோயிங் மெஷின் என்று ஓர் இயந்திரம் இருக்கும். நீளமான கம்பி, அதன்மேல் முன்னும் பின்னும் உருளும் இருக்கை, கூண்டுக்குள் ஒரு சக்கரம், இழுப்பதற்குச் சங்கிலியோடு ஒரு கைப்பிடி. அவ்வளவுதான். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் குளிர்காலத்தில் நீர்நிலைகள் உறைந்துபோகும். அங்கே துடுப்புகள் செய்துவந்த டிக், பீட்டர் டிரைஸிகேக்கர் என்ற சகோதரர்கள், 1981இல் ஒரு சைக்கிள் சக்கரத்தைக் கொண்டு இப்படி ஓர் இயந்திரம் செய்தார்கள். படகுப் போட்டி வீரர்கள் இன்று பயிற்சி செய்யும் கான்செப்ட்2 இயந்திரங்கள் அதிலிருந்து வளர்ந்தவைதாம்.

இதில் அரை மணி நேரம் நிற்காமல் இழுக்க வேண்டுமென்றால் எந்த வேகத்தில் போகலாம்? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

காற்று வாங்கும் கூலி

கைப்பிடியை இழுத்தால் சக்கரம் சுழலும். அதிலுள்ள இறகுகள் காற்றைத் தள்ளும். காற்று எதிர்த்து நிற்கும். சைக்கிளை வேகமாக மிதிக்கும்போது முகத்தில் அறையும் காற்றும் இதே வேலையைத்தான் செய்கிறது. வேகம் கூடக் கூட இந்த எதிர்ப்பு மிக விரைவாக ஏறும். இரண்டு மடங்கு வேகத்துக்கு இரண்டு மடங்கு திறன் போதாது. 2×2×2, அதாவது 8 மடங்கு திறன் வேண்டும்!

500 மீட்டரைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்று இயந்திரத்தின் திரை காட்டிக்கொண்டே இருக்கும். அதை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். கமலாவும் கதிரும் ஆளுக்கு 2000 மீட்டர் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

கமலா 500 மீட்டருக்கு 2 நிமிடம் 30 விநாடி என்று கடைசிவரை ஒரே சீராகப் போகிறாள். மொத்தம் 10 நிமிடம். அவள் கொடுக்கும் திறன் ஏறத்தாழ 104 வாட். செலவாகும் ஆற்றல் சுமார் 62,000 ஜூல்.

கதிருக்கு அவசரம். முதல் 1000 மீட்டரை 500க்கு 2 நிமிடம் என்ற வேகத்தில் பாய்கிறான். திறன் 203 வாட்டுக்குப் போகிறது. பிறகு களைத்துப்போய், மீதியை 500க்கு 3 நிமிடம் என்று இழுக்கிறான். இப்போது 60 வாட்தான். அவனுக்கும் மொத்தம் 10 நிமிடம்! ஆனால் அவன் செலவழித்தது சுமார் 70,000 ஜூல். ஒரே தூரத்துக்கும் ஒரே நேரத்துக்கும் கதிர் 8,000 ஜூல் கூடுதலாகக் கொடுத்திருக்கிறான்.

ஆகவே, நீண்ட தூரத்துக்குச் சீரான வேகமே சிக்கனமான வேகம்.

முதல் இரண்டு நிமிடம் ஏமாற்றும்

கதிர் ஏன் பாய்ந்தான்? தொடக்கத்தில் அவனுக்குச் சிரமமே தெரியவில்லை. தசைகளில் கொஞ்சம் ஆற்றல் உடனடிச் செலவுக்குச் சேமிப்பாக இருக்கிறது. ஆக்சிஜன் வந்து சேருவதற்கு முன்பே அதை எடுத்துச் செலவழிக்கலாம். இதயமும் நுரையீரலும் புதிய வேலைக்கு ஏற்றபடி வேகம் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதுவரை மூச்சு உண்மையைச் சொல்லாது. அதனால் தொடக்கத்தில், 'இது ரொம்ப மெதுவோ' என்று தோன்றும் வேகத்திலேயே போங்கள்.

இழுப்பிலும் ஓர் ஒழுங்கு உண்டு. நிமிடத்துக்கு 20 இழுப்பு என்றால் ஓர் இழுப்புக்கு 3 விநாடி. முதலில் கால், அடுத்து முதுகு, கடைசியில் கை என்று ஒரு விநாடியில் இழுத்துவிட்டு, இரண்டு விநாடி எடுத்து நிதானமாக முன்னே திரும்புங்கள். அந்த இரண்டு விநாடிதான் தசைக்கு ஓய்வு.

உள்ளே என்ன நடக்கிறது?

நாம் வெளியே கொடுக்கும் வேலையைத் திரை காட்டும். உடம்புக்குள் எவ்வளவு பாடு என்பதை அது காட்டாது. அதை அறிய மூன்று வழிகள் உண்டு.

முதலாவது பேச்சு. இழுத்துக்கொண்டே சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி என்று ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் வேகம் சரி. ஒவ்வொரு மாதத்துக்கும் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். பாட்டே பாட முடிந்தால் கொஞ்சம் கூட்டலாம்.

இரண்டாவது நாடி. இழுப்பதை நிறுத்திய உடனே மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடிக்குத் துடிப்பை எண்ணி 4ஆல் பெருக்குங்கள். அதுதான் ஒரு நிமிடத் துடிப்பு.

மூன்றாவது மதிப்பெண். ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க், 'எவ்வளவு கடினமாக இருக்கிறது?' என்ற கேள்விக்கு 6 முதல் 20 வரை ஓர் அளவுகோல் அமைத்தார். 6 என்றால் சிரமமே இல்லை, 20 என்றால் இனி முடியவே முடியாது. ஏன் 6இல் தொடங்குகிறது? அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் இளைஞர்களின் இதயத்துடிப்புக்குக் கிட்டத்தட்ட பொருந்தும்படி அமைத்ததால்தான். நீண்ட, சீரான பயிற்சிக்கு 11 முதல் 13 வரை போதும்.

இன்னொரு வியப்பைக் கேளுங்கள். வேகம் மாறாமலே இருந்தாலும் நேரம் போகப் போக நாடி மெல்ல ஏறும்! உழைக்கும் தசைகள் நிறைய வெப்பத்தை உண்டாக்கும். உடம்பைக் குளிர்விக்க இரத்தத்தின் ஒரு பங்கு தோலுக்குப் போகும். வியர்வையாக நீரும் வெளியேறும். இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தம் சற்றுக் குறையும். அதை ஈடுகட்டவே அது அதிகத் தடவை துடிக்கிறது. அதனால் மின்விசிறியைப் போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் குடியுங்கள். மூச்சு திணறத் தொடங்கினால் திரையில் உள்ள எண்ணைப் பிடித்துத் தொங்காமல் வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்திப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

இயந்திரம் இல்லையா? பள்ளி மைதானத்தில் மெல்லோட்டம் ஓடியும் இதைச் செய்யலாம். ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: தேதி, வேகம், முடித்தவுடன் நாடி, போர்க் மதிப்பெண். ஒவ்வொரு முறையும் அதே தூரத்தை அதே வேகத்தில் போங்கள். சில வாரங்கள் விடாமல் பயிற்சி செய்தால் நாடி எண்ணிக்கை குறைவதைக் காண்பீர்கள். முன்பைவிட ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தைத் தள்ள உங்கள் இதயம் கற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்த எண்களே சான்று.