போர் ஓய்ந்த நாடும் பிறநாட்டார் துணையும்

ஒரு நாட்டிற் போர் ஓய்ந்த மாத்திரத்தே அங்கு அமைதி நிலைபெற்று விடுவதில்லை. வெடியோசை அடங்குதல் பாதுகாப்பின் தொடக்கம்; உழவன் அச்சமின்றித் தன் நிலத்திற் கால் வைத்தலே உறுதிநிலை. இவ்விரண்டிற்கும் பிறநாட்டார் எவ்வளவு துணைசெய்ய இயலும் என்பதை ஆராய்வார்க்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் அண்மைக்கால வரலாறு தக்க சான்றாகும்.

முதலாவது முயற்சி படை வாயிலாக நிகழ்ந்தது. 1987 யூலை 29 ஆம் நாள் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் ஒப்பந்தஞ் செய்தனர். அதன்வழி அமைதி காக்க வந்த இந்தியப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் அவ்வாண்டு ஒக்டோபரிற் போர் மூண்டது. கோப்பாயும் அப்போர்க்களத்துள் அகப்பட்டது. காவலாய் வந்தோர் ஒரு கட்சியாராய் மாறியபின் நடுநிலை நின்றிலது. 1990 மார்ச்சில் அப்படை முற்றாக மீண்டது.

இரண்டாவது முயற்சி சான்றாளர் வாயிலாக நிகழ்ந்தது. 2002 பெப்ரவரி 22 இல் நோர்வேயின் அனுசரணையுடன் போர்நிறுத்த உடன்படிக்கை எழுந்தது. நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாட்டாருங் கண்காணிப்பாளராயினர். அவர் படைக்கலம் ஏந்தாதவர். மீறல்களை விசாரித்து அறிவிக்கலாமேயன்றித் தடுக்கும் அதிகாரம் அவர்க்கில்லை. எனினும் கண்டி வீதி திறக்கப்பட்டது; பிரிந்த சுற்றத்தார் கூடினர். 2003 யூனில் தோக்கியோவிற் கூடிய நாடுகள் ஏறத்தாழ 450 கோடி டொலர் உதவ முன்வந்தன. ஆயின் அம்மாநாட்டிற் புலிகள் கலந்துகொள்ளவில்லை. உதவியும் பேச்சுவார்த்தையின் முன்னேற்றத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. 2006 இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைப்பட்டியலிற் சேர்த்தபின், அவர்தம் கோரிக்கையால் ஒன்றியத்து மூன்று நாட்டாரும் விலகினர். அவ்வாண்டு ஓகஸ்டிற் கண்டி வீதி மீண்டும் மூடப்பட்டது. 2008 சனவரியில் அரசு உடன்படிக்கையை முடிவுறுத்தியது. பொருதுவோரிடத்து இல்லாத மனவுறுதியைச் சான்றாளரும் பொருளும் ஈட்டித் தர இயலாமை இதனாற் புலனாகும்.

மூன்றாவது முயற்சி ஆரவாரமற்றது. அதுவே கண்ணிவெடி அகற்றல். 2002 முதலாகப் பிறநாட்டு நிறுவனங்கள் குடாநாட்டில் இப்பணியில் ஈடுபட்டன. யப்பான், நோர்வே, பிரித்தானியா, அமெரிக்கா முதலிய நாடுகள் பொருளுதவின. இங்குப் புதைக்கப்பட்ட வெடிகள் பலவற்றில் உலோகம் மிகக் குறைவு; ஆதலின் உலோகங் காட்டுங் கருவி எப்போதும் உதவுவதில்லை. நீண்ட பிடியுள்ள குப்பைவாரி போன்ற கருவியால் மண்ணைச் சிறிது சிறிதாக வாரி, ஒரு முழ அகலத்தையும் விடாது சோதித்தல் வேண்டும். இதனைச் செய்வோர் பெரும்பாலும் இந்நாட்டவரே. போரிற் கணவரை இழந்து குடும்பச் சுமை தாங்கும் பெண்களும் அவருட் பலர். பிறநாட்டார் கற்பித்த தொழில் ஈண்டு உள்ளூரார் கைத்தொழிலாயிற்று. 2017 டிசம்பரில் இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி, தன் நிலத்து வெடிகளைப் பத்தாண்டிற்குள் அகற்றுங் கடமையையும் ஏற்றது.

ஆயினும் வெடியற்ற நிலமெல்லாம் உரியவர்க்கு மீண்ட நிலமன்று. கோப்பாய்ப் பிரதேச செயலகத்திற்குட்பட்ட வளலாயில், ஏறத்தாழ 25 ஆண்டு உயர்பாதுகாப்பு வலயத்துள் இருந்த காணிகளுட் சில 2015 மார்ச்சிலேயே உரியோரிடங் கையளிக்கப்பட்டன. அத்துணைக் காலமும் ஒரு தலைமுறை தன் கிணற்றையுந் தோட்டத்தையுங் காணாது பிறரிடத்தில் வளர்ந்தது. அந்நிலத்தை மீட்டளிக்கும் ஆணை நாட்டின் அரசிடமிருந்தே வருதல் வேண்டும். பிறநாட்டார் வற்புறுத்தலாமன்றி ஆணையிடல் இயலாது.

எனவே, பிறநாட்டார் துணையை அதன் பொருளளவாலோ படையளவாலோ மதித்தல் பொருந்தாது. அவர் சென்றபின் இங்கு எஞ்சுவது யாதென நோக்கியே மதித்தல் வேண்டும். படை மீண்டது, கண்காணிப்பாளரும் மீண்டனர், வெடி நீங்கிய வயலும் அதனைத் தூய்மை செய்யக் கற்ற கையும் எஞ்சின. அவ்வயலை உரியவர்க்கு அளித்தலும், அவர் அதில் அச்சமின்றி வாழ நீதி வழங்கலும் இந்நாட்டார்தம் கடனாம்.