பழைய லொறிகளை எரிவாயுவில் ஓட்டுதல்

நெல்லையும் மரக்கறியையும் விளைவித்தல் கமக்காரரின் தொழிலிற் பாதியே. விளைந்தவற்றைப் பழுதுறாமற் சந்தைக்குக் கொண்டு சேர்த்தல் மற்றைப் பாதியாகும். 2021ஆம் ஆண்டு டிசெம்பர் இறுதியில் லீற்றர் 177 ரூபாவுக்கு விற்ற பெற்றோல் 2022ஆம் ஆண்டு யூன் இறுதியில் 470 ரூபாவுக்கும், 121 ரூபாவுக்கு விற்ற டீசல் 460 ரூபாவுக்கும் ஏறியபோது இவ்வுண்மையை எல்லாரும் உணர்ந்தனர். ஆறு மாதத்துள் ஏற்றுகூலி மும்மடங்கானால், கத்தரிக்காயைப் பறித்துத் தம்புள்ளைக்கு அனுப்புவதா, செடியிலேயே முற்ற விடுவதா என்ற கேள்வி எழுதல் இயல்பே. பழைய லொறியைச் சமையலுக்கு உதவும் எரிவாயுவில் ஓடுமாறு மாற்றலாமா என்று கமக்காரர் வினவத் தொடங்கியதும் இத்தகைய விலையேற்றத்தினாலேயே. சில லொறிகளை மாற்றலாம். பலவற்றை மாற்றுதல் வீண் செலவு. எவற்றை மாற்றலாம், எவற்றை மாற்றலாகாது என்பதைக் காசு கொடுப்பதற்கு முன்னர் அறிந்துகொள்ளல் வேண்டும்.

1910ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பிற்சுபேர்க் நகரத்து மோட்டார்ச் சொந்தக்காரர் ஒருவர், தாம் வாங்கிய பெற்றோல் வீடு போய்ச் சேருமுன் ஆவியாகிக் குறைந்துவிடுகிறதென முறையிட்டார். அதனை ஆராய்ந்த வால்டர் சினெலிங் என்னும் இரசாயன அறிஞர், அவ்வாறு பறந்துபோனவை புரொப்பேன், பியூட்டேன் முதலிய வாயுக்களெனக் கண்டார். சாதாரண நிலையில் வாயுவாயிருக்கும் புரொப்பேன், அமுக்கப்பட்டால் திரவமாகிச் சிறிய தாங்கியுள் அடங்கிவிடும். அமுக்கம் நீங்கியதும் ஒரு லீற்றர் திரவம் ஏறத்தாழ 270 லீற்றர் வாயுவாக விரியும். நம் நாட்டுச் சமையல் வாயு இவ்விரண்டும் கலந்ததொன்றாகும்.

1941ஆம் ஆண்டிலே மினியாப்பொலிசு மோலின் கம்பெனி, எரிவாயுவில் ஓடும் உழவு இயந்திரத்தைத் தொழிற்சாலையிலிருந்தே விற்கத் தொடங்கியது. 1950ஆம் ஆண்டளவிற் சிக்காகோ நகரத்தில் நூற்றுக்கணக்கான பேருந்துகள் புரொப்பேனில் ஓடின. 1973இலும் 1979இலும் எண்ணெய் விலை ஏறியபோது அமெரிக்காவிலும் கனடாவிலும் கமக்காரர் பலர் தம் பழைய லொறிகளை வாயுவுக்கு மாற்றினர். அவர்களுக்கு அது பயன்பட்டமைக்குக் காரணங்கள் இரண்டு. அவர்களுடைய லொறிகள் பெரும்பாலும் பெற்றோல் லொறிகள். மேலும், வீட்டைச் சூடாக்கவும் தானியத்தை உலர்த்தவுமென முற்றத்திலேயே பெரிய வாயுத் தாங்கி வைத்திருந்த பண்ணைகள் அங்கே பல. நம் ஊரில் இவ்விரண்டும் அரிது.

பெற்றோலா, டீசலா?

பெற்றோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் கலந்து உள்ளே சென்றபின், பிளக்கிலிருந்து வரும் தீப்பொறி அதனைக் கொளுத்துகிறது. பெற்றோலுக்குப் பதிலாக வாயு சென்றாலும் அதே பொறி அதனைக் கொளுத்தும். ஆதலால் மாற்றம் எளிது. டீசல் எஞ்சினிற் பிளக் இல்லை. காற்றை ஏறத்தாழப் பதினெட்டில் ஒரு பங்காக நெருக்க, அது மிகக் காய்ந்து, தெளிக்கப்படும் டீசலைத் தானே பற்றவைக்கிறது. டீசல் 210 சதமபாகையளவிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். புரொப்பேனுக்கோ 450 பாகைக்கு மேல் வேண்டும். எனவே டீசல் எஞ்சினில் வாயு மட்டும் உரிய தருணத்திற் பற்றுவதில்லை. நெருக்கத்தைக் குறைத்து, எஞ்சின் தலையைத் துளைத்துப் பிளக் பொருத்தி, டீசற் பம்பை நீக்கினாலன்றி அது ஓடாது. இவ்வேலையின் செலவு வேறோர் எஞ்சின் வாங்கும் செலவை நெருங்கிவிடும்.

டீசலுடன் சிறிதளவு வாயுவைக் கலந்து ஊட்டும் முறையும் உண்டு. வாயு அளவு மீறினால் எஞ்சின் இடித்துப் பிஸ்டன் உடையும். எவரேனும் குழாயொன்றைக் காற்று வடிகட்டிக்குள் நுழைத்து அதனை மலிவான உபாயமெனக் கூறின், நம்பற்க. நம் வீதிகளில் ஓடும் லொறிகளுட் பெரும்பாலானவையும், கமக்காரர் ‘பட்டா’ என்றழைக்கும் சிறு லொறிகளுட் பெரும்பாலானவையும், வயலில் உழும் லாண்ட்மாஸ்டரும் டீசலே. இவற்றை வைத்திருப்போர் வாயுவைப் பற்றி எண்ணாமல், காற்று வடிகட்டியையும் தெளிப்பான்களையும் துப்புரவாக்கி, ரயர்களுக்குச் சரியான அளவு காற்றடித்து ஓட்டுவதே இலாபம். இனி எழுதுவன யாவும் பெற்றோலில் ஓடும் பழைய சிறு லொறி, வான் ஆகியவற்றுக்கே பொருந்தும்.

மாற்றும் விதம்

வாகனத்தின் பின்புறத்தில் அல்லது அடிப்புறத்தில் தடித்த உருக்குத் தாங்கி இரும்புப் பட்டிகளால் இறுகப் பூட்டப்படும். அதில் நூற்றுக்கு 80 வீதத்துக்கு மேல் நிரம்பாமல் தடுக்கும் வால்வு உண்டு. வெயிலில் திரவம் விரிவதற்கு எஞ்சிய இடம் தேவை. திரவம் குழாய்வழியே முன்னே வந்து, மாற்றி என்னும் பெட்டியில் வாயுவாகும். அவ்வாறு மாறும்போது அது சுற்றிலுமுள்ள வெப்பத்தை உறிஞ்சிக் குளிர்விக்கும். ஆகவே அப்பெட்டி உறைந்துவிடாதிருக்க றேடியேற்றரின் சுடுநீர் அதனைச் சுற்றி ஓடுமாறு அமைப்பர். பின்னர் வாயு, காபரேற்றரின்மேற் பொருத்திய கலப்பானிற் காற்றுடன் கலந்து எஞ்சினுட் செல்லும். நுவரெலியா, வெலிமடை போன்ற குளிர்ப் பிரதேசங்களில் விடியற்காலையில் உடனே வாயுவில் ஓட்டலாகாது. முதலிற் பெற்றோலில் ஓடவிட்டு, நீர் சூடேறியபின் வாயுவுக்கு மாற்றுக. இக்காரணத்தால் பெற்றோற் தாங்கியைக் கழற்றிவிடாது வைத்திருத்தல் நன்று.

வாயு நன்றாய் எரிவதால் எஞ்சினுள் கரி படிவது குறையும். எண்ணெய் விரைவிற் கறுக்காது. ஆனால் வலு நூற்றுக்கு 5 முதல் 10 வீதம் குறையும். பாரம் ஏற்றி மேட்டிலே ஏறும்போது இது தெரியும். பழைய எஞ்சின்களில் வேறொரு தொல்லையும் உண்டு. நம் நாட்டில் 2002ஆம் ஆண்டு வரை பெற்றோலில் ஈயம் கலந்திருந்தது. அந்த ஈயம் வால்வுகள் அமரும் இருக்கைகளுக்குக் காப்பாயிருந்தது. அதனை நம்பிச் செய்யப்பட்ட மிகப் பழைய எஞ்சின்களில் இருக்கைகள் மென்மையானவை. வாயு உலர்ந்து எரிவதால் அவை விரைவிற் தேயும். மாற்றுமுன் கடினமான இருக்கைகள் இடப்படல் வேண்டும். மாற்றியபின் வால்வு இடைவெளியை அடிக்கடி பார்ப்பித்தல் வேண்டும். எண்ணெய் குடிக்கும் எஞ்சினையும், புகை கக்கும் எஞ்சினையும் மாற்றுவதிற் பயனில்லை. வாயு எஞ்சினைப் புதிதாக்காது.

கணக்கு

லீற்றர் விலையை மட்டும் ஒப்பிடுவோர் ஏமாறுவர். ஒரு லீற்றர் புரொப்பேனில், ஒரு லீற்றர் பெற்றோலின் வெப்பத்தில் ஏறத்தாழ முக்காற் பங்கே உண்டு. நிறையால் ஒப்பிடுதல் எளிது: 12.5 கிலோகிராம் வாயு ஏறத்தாழ 18 லீற்றர் பெற்றோலுக்குச் சமம். எனவே 12.5 கிலோகிராம் வாயுவின் விலையை 18ஆற் பிரித்தால், ஒரு லீற்றர் பெற்றோலின் வேலையைச் செய்யும் வாயுவின் விலை கிடைக்கும்.

கணிக்கும் முறையை விளக்கும் பொருட்டு வீட்டு வாயுவின் விலையையே எடுத்துக்கொள்வோம். 2022 ஏப்பிரில் இறுதியில் அவ்வளவு வாயு 4,860 ரூபா; 18ஆற் பிரிக்க 270 ரூபா. அவ்வேளையிற் பெற்றோல் 338 ரூபா. மிச்சம் லீற்றருக்கு 68 ரூபா. லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடும் வாகனம் மாதம் 2,000 கிலோமீற்றர் ஓடினால் 250 லீற்றர் செல்லும். மிச்சம் 17,000 ரூபா. அதே வாகனம் அறுவடைக் காலத்தில் மட்டும் ஓடி, சராசரி மாதம் 500 கிலோமீற்றரே ஓடினால் மிச்சம் 4,250 ரூபாதான். மாற்றுவதற்குக் கேட்கும் தொகையை இந்த மாத மிச்சத்தாற் பிரித்துப் பார்க்குக. எத்தனை மாதத்தில் முதல் மீளும் என்பது தெரியும். நாள்தோறும் மரக்கறி ஏற்றுபவருக்கும், போகத்துக்கு ஒருமுறை நெல் ஏற்றுபவருக்கும் விடை ஒன்றாகாது.

அன்றைய விலையைக் கொண்டே கணித்தல் வேண்டும். பெற்றோல் ஏறும்போது வாயுவும் ஏறும் என்பதையும் மறத்தலாகாது. 2022இன் நடுப்பகுதியில் வாயுவுக்கும் வரிசையில் நிற்க நேர்ந்தது. வாகனங்களுக்கு வாயு நிரப்பும் நிலையம் எல்லா ஊர்களிலும் இல்லையாதலின், போய்வரும் வழியில் அஃது உண்டோவென முதலில் விசாரித்தறிக. நிரப்புவதற்கென்றே முப்பது கிலோமீற்றர் ஓடினால் மிச்சமெல்லாம் அதிலேயே தீரும்.

நீரிறைக்கும் பம்புகளைப் பற்றியும் ஒரு சொல். 2022 ஓகத்து மாதம் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபின், வெங்காயமும் மிளகாயும் செய்வோர் பம்பை வாயுவில் ஓட்ட முயன்றதில் வியப்பில்லை. பிளக் உள்ள பம்பு வாயுவில் ஓடும். எனினும் கிணற்றடிக்கு மின்சாரம் எட்டுமாயின் மின்பம்பே மேல்.

வீட்டுச் சிலிண்டர் வேண்டாம்

சமையற் சிலிண்டரை லொறியில் ஏற்றிக் குழாய் பூட்டுவது பேராபத்து. அது நிமிர்ந்து நிற்கையில் மேலிருந்து வாயுவைத் தருவதற்கென அமைந்தது. குலுங்கிச் சரிந்தால் திரவமே வெளிப்படும். அடுப்புக்குரிய றெகுலேற்றர் அதனைத் தாங்காது. குழாய் அறுந்தாற் தானே மூடும் வால்வும் அதில் இல்லை. மேலும் 30 பாகை வெப்பத்தில் புரொப்பேனின் அமுக்கம் பியூட்டேனின் அமுக்கத்தைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. கலவை மாறினால் அமுக்கமும் மாறும். 2021ஆம் ஆண்டின் இறுதியில் வீடுகளில் வாயுக் கசிவால் தீவிபத்துக்கள் பல நிகழ்ந்து, இக்கலவையைப் பற்றி விசாரணைகள் நடந்தமை பலருக்கும் நினைவிருக்கும்.

இவ்வாயு காற்றிலும் ஒன்றரை மடங்கு பாரமானது. கசிந்தால் மேலெழுந்து போகாது, பள்ளத்திலே தங்கும். ஆகவே மாற்றிய வாகனத்தைக் கிணற்றருகிலோ, நெல் மூடை அடுக்கிய அடைத்த கொட்டிலிலோ நிறுத்தலாகாது. வாயு மணந்தால் எஞ்சினை நிறுத்தி, தாங்கியின் வால்வைப் பூட்டி, எல்லாரையும் இறக்கிக் காற்று வரும் பக்கமாக விலகி நிற்க. விளக்குச் சுவிச்சையும் தொடற்க. கசிவைச் சவர்க்கார நுரையாற் பார்க்கலாம். நெருப்புக்குச்சியாற் பார்த்தல் கூடாது.

வாகனத்தின் பதிவுப் புத்தகத்தில் எரிபொருள் வகை குறிக்கப்பட்டிருக்கும். எனவே மாற்றுவதற்கு முன்னரே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக் கம்பெனியிலும் விசாரித்துக்கொள்க. மாற்றியதைப் பதிவுசெய்யாத வாகனம் விபத்துக்குள்ளானால், காப்புறுதிப் பணம் மறுக்கப்படக்கூடும். வேலை முடிந்தபின், பொருத்தியவரிடமிருந்து தாங்கியின் இலக்கமும் சோதித்த திகதியும் எழுதிய பத்திரத்தைப் பெற்று, பதிவுப் புத்தகத்துடன் வைத்துக்கொள்க.